தலைமை அலுவலகம் எண்ணெய் தேய்த்துக்கொண்டது

மலையடிவார ஆவணக் காப்பு வாரியம், தன்னுடைய இயந்திரத்தைத் தானே கீழே தள்ளிப் பார்ப்பது என்று தீர்மானித்தபோது அதை எதிர்த்துக் கையுயர்த்தியவர் எவரும் இல்லை. எவரேனும் உயர்த்தியிருந்தால் அவர் தலைமையில் ஓர் உபகுழு அமைக்கப்பட்டிருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். பிரதிப் பிரிவு உதவியாளர் பால்வண்ணநாதனுக்குக் கூட்டத்தில் கையுயர்த்தும் தகுதி கிடையாது. தேநீர் அனைவருக்கும் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துவிட்டு, கதவோரத்து நாற்காலியில் அமர்ந்து, இயன்ற அளவு புரிந்துகொள்ள முயன்றுகொண்டிருந்தார். ஒருமுறை அச்சுப்பொறி நின்றுபோனபோது அதை அணைத்துவிட்டு மறுபடி போட்டார் என்பதற்காகவே அவர் கணினி சார்ந்த அந்தப் பிரிவுக்கு மாற்றப்பட்டிருந்தார்.

விஷயம் சிக்கலானதன்று. சுற்றுவட்டார ஊர்களின் பிறப்பு, இறப்புப் பதிவுகளைக் கணினியில் ஏற்றிக் காப்பதும், கேட்டு வருவோருக்குச் சான்றிட்ட படி வழங்குவதும் வாரியத்தின் பணி. பதிவுகள் எல்லாம் தென்காசித் தலைமை அலுவலகத்தில், குளிரூட்டப்பட்ட அறையில், பெரிய சேமிப்பு இயந்திரம் ஒன்றில் இருந்தன. அங்கே ஓர் எழுத்து மாறினால், குற்றாலத்தில் வாரியத்தின் பழைய பயணியர் விடுதியில் இருந்த இரண்டாவது இயந்திரத்திலும் அதே எழுத்து கம்பி வழியே தானாக மாறிக்கொள்ளும். தென்காசி இயந்திரம் என்றைக்காவது படுத்துவிட்டால் குற்றாலத்து இயந்திரம் வேலையை ஏற்றுக்கொள்ள வேண்டும். தென்காசி எழுந்த பிறகு, இடைப்பட்ட நாள்களில் குற்றாலத்தில் சேர்ந்தவற்றை எல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டு, வேலையையும் வாங்கிக்கொள்ள வேண்டும். முன்னதற்கு ஃபெயில்ஓவர் என்றும் பின்னதற்கு ஃபெயில்பேக் என்றும் இயந்திரத்தை விற்றவர்கள் பெயர் சொல்லியிருந்தார்கள். வாரியத்தின் மொழிபெயர்ப்பு உபகுழு பலமுறை கூடி, வீழ்வு என்றும் மீள்வு என்றும் பெயரிட்டுக் கலைந்தது. இவை இரண்டும் நடக்கின்றனவா என்று ஒருமுறை சோதித்துப் பார்த்துவிட வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்திருந்தது.

"விழும்னு கோப்புல எழுதிட்டு நாம பாட்டுக்கு இருந்தா, நாளைக்கு ஆடிட்டுக்காரன் வந்து நிப்பான்" என்றார் இயக்குநர் திரு. குற்றாலீஸ்வரன் அவர்கள். "யாரு தள்ளினா, எதுக்குத் தள்ளினான்னு கேப்பான். பதில் இருக்கா மேடம்?"

கண்காணிப்பாளர் லோகநாயகி அம்மையாரிடம் பதில் இல்லாத கேள்வி இதுவரை கேட்கப்பட்டதில்லை. "இருக்கு சார். வாரியச் சொத்து பழுதானா, சம்பந்தப்பட்ட பணியாளர்ட்ட விளக்கம் வாங்கணும். அத முன்கூட்டியே வாங்கி வச்சுக்கிட்டா, பழுதாக வேண்டியதுதான் பாக்கி."

எல்லாரும் கதவோரமாகத் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்று மாலையே பால்வண்ணநாதன் விளக்கம் எழுதிக் கொடுத்தார். எதிர்வரும் நாளில் இயந்திரம் விழவிருப்பதற்குத் தன்னுடைய கவனக்குறைவே காரணமாக இருக்கப்போகிறது என்றும், இனிமேல் இவ்வாறு நிகழாதபடி, நிகழ்ந்த பிறகு, பார்த்துக்கொள்வதாகவும் அதில் பணிவுடன் தெரிவித்திருந்தார். காலக் குழப்பம் கருதி அம்மையார் இரண்டு இடங்களில் திருத்தம் செய்து, கண்டிப்புக் குறிப்பையும் அப்போதே இணைத்துவிட்டார்.

அடுத்து, நாள் குறிக்கும் பிரச்சினை வந்தது.

"விழுறத ராகு காலத்துல வச்சுக்கிடலாம் சார்" என்றார் அம்மையார். "நல்ல நேரத்துல விழுந்தா நல்ல நேரந்தான் வீணாப்போவும்."

"எந்திரிக்கது?"

"அது நல்ல நேரத்துல. உங்க நட்சத்திரத்துக்கும் ஒத்து வரணும்."

ராகு காலம் நாள்தோறும் வருகிறது. இயக்குநரின் நட்சத்திரத்துக்கு ஒத்த நல்ல நேரம் அப்படி வருவதில்லை. ஆகவே விழுவது உடனே என்றும், எழுவது இரண்டு வாரம் கழித்து என்றும் முடிவாயிற்று. அதுவரை வாரியம் விழுந்த நிலையிலேயே பணியாற்றும்.

வீழ்வு விழாவுக்கு அலுவலக முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். குத்துவிளக்கு ஏற்றப்பட்டது. மின்செருகியில் கட்டியிருந்த சிவப்பு நாடாவை இயக்குநர் வெட்டினார். செருகியைப் பிடுங்கும்படி கேட்டுக்கொண்டபோது மட்டும், ஓர் இயக்குநர் தன் கையால் வாரியத்தை வீழ்த்துவது மரபன்று என்று பின்வாங்கிக்கொண்டார். விளக்கம் ஏற்கெனவே கொடுத்தவர் என்ற முறையில் பால்வண்ணநாதன் முன்னால் வந்து பிடுங்கினார். கைதட்டல் எழுந்தது. அவருடைய பணிக்காலத்தில் அவருக்குக் கிடைத்த ஒரே கைதட்டல் அது. அதை எப்படிப் பெற்றுக்கொள்வது என்று தெரியாமல், செருகியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

சிறிது நேரத்தில் குற்றாலத்திலிருந்து தொலைபேசி ஒலித்தது. விடுதி இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் இசக்கிச்செல்வி. "அண்ணாச்சி, இங்கன எல்லா வெளக்கும் பச்சையாயிட்டு. வேல பூரா நம்ம தலயிலதான். அங்கன யாருக்கும் ஒண்ணும் ஆகலைல்லா?"

இயக்குநர் ஒலிபெருக்கியின் முன் நின்றார். "பெரியோர்களே, இன்று நாம் வெற்றிகரமாக விழுந்திருக்கிறோம். இதற்கு முன்பும் நம் வாரியம் பல தடவை விழுந்திருக்கிறது. அப்போதெல்லாம் யாரும் நம்மைப் பாராட்டவில்லை. ஏனென்றால் அது திட்டமிடாத வீழ்ச்சி. திட்டமிட்டு, நிதி ஒதுக்கி, பந்தல் போட்டு விழுவது இதுவே முதல் முறை. இந்தப் பெருமை என்னைச் சேர்ந்ததன்று. என் தலைமையைச் சேர்ந்தது."

பொன்னாடைகள் போர்த்தப்பட்டன. காராசேவும் லட்டும் வழங்கப்பட்டன. ராகு காலம் முடிவதற்குள் எல்லாரும் கலைந்துவிட்டார்கள்.

விழுந்த வாரத்திலேயே திருத்தக் குழு கூடிற்று. பதிவில் உள்ள பிழைகளை நேரில் விசாரித்துத் திருத்த ஆணையிடும் குழு அது. அரையாண்டுக்கு ஒருமுறைதான் கூடும். பிழைகள் கூடிக்கொண்டே போனாலும் குழு அப்படிக் கூடுவதில்லை.

முதலில் வந்தவர் சுரண்டையைச் சேர்ந்த சுடலைமணி. பதிவில் அவர் காலமாகியிருந்தார். உட்காரலாமா என்று அவர் கேட்டபோது, "இறந்தவங்க உட்காரக் கூடாதுன்னு விதியில ஒண்ணும் இல்ல" என்று அம்மையார் பெருந்தன்மையுடன் அனுமதித்தார்.

அடுத்து வந்தவர் கடையநல்லூர் ஜாஹிரா பீவி. அவருடைய மகள் அஃப்ஷான், இரட்டைச் சடையில் பச்சை நாடா கட்டி, உம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறப்புப் பதிவில் அவள் ஆண்.

"ஆண்னுதானே இருக்கு" என்றார் இயக்குநர், திரையையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்து. "மாத்தணும்னா ஆதாரம் வேணும்லா?"

"புள்ளையே நிக்கே சார்."

"நிக்கது ஆதாரமாவாதும்மா. இன்னைக்கு நிக்கும், நாளைக்கு ஒக்காரும். காயிதம்னா அப்படியே இருக்கும்."

ஜாஹிரா பீவி பள்ளிக்கூடச் சான்று, மருத்துவமனைச் சீட்டு, தடுப்பூசி அட்டை என்று ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தார். "அவ வாப்பா சவுதியில, தம்மாம்ல இருக்காவ சார். எங்களக் கூப்பிட்டுக்கிட விசா அடிச்சு அனுப்பிட்டாவ. பாஸ்போர்ட் ஆபீசுல எல்லாம் முடிஞ்சிட்டு, இந்த ஒரு காயிதந்தான் பாக்கி. போன மட்டம் விசா போனதும் இந்த ஆணாலதான். இந்த மட்டமும் போச்சுன்னா அவுகளுக்குக் கம்பெனியில மறுபடி தர மாட்டாங்களாம்."

"வாப்பாவ நேர்ல பாத்துருக்கியா?" என்று அம்மையார் பிள்ளையிடம் கேட்டார். அது விதிப்படியான கேள்வியன்று. எப்படியோ வாய் தவறி வந்துவிட்டது.

"போன்ல பாத்துருக்கேன்" என்றாள் அஃப்ஷான்.

குழு ஒருமனதாக அவளைப் பெண் என்று ஏற்றுக்கொண்டது. சுடலைமணியை உயிருடன் இருப்பவராக ஏற்றுக்கொண்டது. இன்னும் பலரைப் பலவாறாக ஏற்றுக்கொண்டது. அத்தனையையும் பால்வண்ணநாதன் அங்கேயே திரையில் திருத்திச் சேமித்தார். வீழ்வுக் காலத்தில் சான்று வழங்குவதற்கில்லை, மீள்வு முடிந்ததும் தலைமை அலுவலக மூலத்திலிருந்துதான் படி எடுத்து முத்திரையிடப்படும் என்று அறிவித்துக் குழு எழுந்தது.

மீள்வுக்கு முந்திய ஆலோசனைக் கூட்டத்தில் பால்வண்ணநாதனுக்கு வாய்ப்பளிக்கப்பட்டது. இயந்திரத்துடன் வந்த கையேட்டை உரக்க வாசிக்கும் பணி அது. அவரும் கதவோரமாக எழுந்து நின்று வாசித்தார். "முதற்படி. குற்றாலத்தில் இருப்பதைத் தென்காசிக்கு நகலெடுக்க வேண்டும்."

இயக்குநர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "எங்கேருந்து எங்க?"

"குற்றாலத்துல இருந்து இங்கன, ஐயா."

"குற்றாலம் என்னது?"

"கிளை, ஐயா."

"நாம?"

"தலைமை அலுவலகம், ஐயா."

"உம்ம சர்வீசுல என்னைக்காவது தலைமை அலுவலகம் கிளையப் பாத்துக் காப்பி அடிச்சுப் பாத்துருக்கீராவே?"

பால்வண்ணநாதன் பார்த்ததில்லை. அவ்வாறே சொன்னார்.

"பின்னே? உத்தரவு மேலேருந்து கீழ போவும். அறிக்கை கீழேருந்து மேல வரும். அதையும் நாம படிக்கது கெடையாது. மூலம் நம்மள்ட்ட இருக்கு, நகல் அவங்கள்ட்ட இருக்கு. நகலப் பாத்து மூலத்தத் திருத்துனா, அப்புறம் நாளைக்கு அந்த இசக்கிச்செல்வி வந்து இந்த நாற்காலியில உக்காந்துக்கிடுவா. எழுதிக்கிடுங்க மேடம். நகல், தென்காசியிலேருந்து குற்றாலத்துக்கு."

இந்த இடத்தில்தான் பால்வண்ணநாதனுக்கு ஒன்று விளங்கிற்று. இயந்திரங்களைப் பற்றி அவருக்குத் தெரிந்தது சொற்பம். ஆனால் செருகியைப் பிடுங்கியவர் அவர். அன்றைக்கே தென்காசி படுத்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் திருத்திச் சேமித்ததெல்லாம் குற்றாலத்தில்தான் போய் உட்கார்ந்திருக்கும். அஃப்ஷான் குற்றாலத்தில் பெண்ணாகவும் தென்காசியில் ஆணாகவும் இருந்தாள். சுடலைமணி ஐந்து கிலோமீட்டர் இடைவெளியில் உயிருடனும் இல்லாமலும் இருந்தார்.

"ஐயா தப்பா நெனச்சுக்கிடப்படாது" என்று தொடங்கினார். தாம் கெஞ்சும் குரலில்தான் பேசுகிறோம் என்பது அவருக்கே கேட்டது. "திருத்தக் குழு பண்ணின திருத்தம் பூராவும் அங்கனதான் இருக்கு. இங்கேருந்து அங்க போட்டா, பழசு போய்ப் புதுச அழிச்சிரும்."

"நம்மள்ட்ட இல்லாத திருத்தம் எப்படிவே திருத்தமாவும்?"

"அழிஞ்சாலும் ஒண்ணுமில்ல சார்" என்று அம்மையார் ஆறுதல் கூறினார். "அடுத்த குழுவுல வச்சுக்கிடலாம். ஆறு மாசந்தானே."

மறுநாள் காலையில் ஜாஹிரா பீவி முகப்பில் வந்து நின்றார். "வந்துட்டா அண்ணாச்சி?"

"ரெண்டு நாளு கழிச்சு வாங்கம்மா."

"இந்த மாசத்தோட விசா முடியுது அண்ணாச்சி. பொட்டியெல்லாம் கட்டி வச்சாச்சு. இவ தெனமும் அவுத்து அவுத்துக் கட்டுதா."

நடந்ததைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த அம்மாள் யாரிடம் போய்க் கேட்பார் என்று யோசித்துப் பார்த்தார். தம்மிடம்தான் கேட்பார் என்று தெரிந்ததும், "பாத்துக்கிடலாம்" என்று சொல்லிவிட்டு, அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துக் குற்றாலம் பேருந்தில் ஏறினார்.

சீசன் உச்சத்தில் இருந்தது. சாரல் நின்றபாடில்லை. விடுதி அறைக்குள் நுழைந்தபோது இசக்கிச்செல்வி, இயந்திரத்தின் பின்பக்கம் கயிறு கட்டி வரிசையாகத் துண்டுகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன தாயி இது?"

"இங்கன வெயிலு அடிச்சு எத்தன நாளாச்சு அண்ணாச்சி. இதுக்குப் பொறத்தால வெதுவெதுன்னு காத்து வருதுல்லா. வேல கூடுன பெறகு இன்னும் சூடா வருது. விடுதித் துண்டு பூராவும் ஒரு பகல்ல காஞ்சிருது." அவர் ஒரு துண்டைத் திருப்பிப் போட்டார். "நீங்க என்ன, மொகமெல்லாம் வாடிக் கெடக்கு?"

பால்வண்ணநாதன் ஈரமில்லாத நாற்காலி ஒன்றைத் தேடி அமர்ந்து எல்லாவற்றையும் சொன்னார். இசக்கிச்செல்வி கேட்டு முடித்துவிட்டுச் சிரித்தார்.

"இதுக்கா? போன சீசனுக்கு ஐயா குளிக்க வந்தாவல்லா. மூணு நாளு இங்கனதான் கெடந்தாவ. அப்ப ஒரு உத்தரவு போட்டாவ, தலைப்புல என்ன எழுதுனாவன்னு தெரியுமா? தலைமை அலுவலகம், முகாம் குற்றாலம். தென்காசி ஆபீசுக்கே இங்கேருந்துதான் உத்தரவு போச்சு. அங்கேருந்து மேடம், 'தங்கள் உத்தரவு கிடைக்கப் பெற்றோம்'னு பதில் போட்டாவ. அவுக எங்கன ஒக்காருதாவளோ அதுதான் அண்ணாச்சி தலைமை அலுவலகம்."

இதில் சிரிக்க ஒன்றுமில்லை என்றுதான் பால்வண்ணநாதனுக்குத் தோன்றியது. விதியை அவர் மதித்தார். அது இவ்வளவு எளிதில் பேருந்து ஏறிவிடும் என்பது மட்டும் அவருக்குத் தெரியாமல் போயிற்று.

அவர் தயாரித்துச் சமர்ப்பித்த குறிப்பில், மீள்வு நிகழ்ச்சியை இயக்குநர் அவர்கள் குற்றாலத்தில் முகாமிட்டு நடத்தினால் சிறப்பாயிருக்கும் என்றும், மெயின் அருவியில் தண்ணீர் அருமையாக விழுகிறது என்றும் கண்டிருந்தது. இயக்குநர் இரண்டாம் வாக்கியத்தின் கீழ் பச்சை மையால் கோடிட்டு ஒப்புதல் அளித்தார். லோகநாயகி அம்மையார் மட்டும் கோப்பை நெடுநேரம் வைத்திருந்தார்.

"இயக்குநர் குற்றாலத்துல இருந்தா, அது தலைமை அலுவலகம். தென்காசி அப்ப கீழ்நிலை அலுவலகம். குற்றாலத்துலேருந்து தென்காசிக்கு நகல் போனா அது மேலேருந்து கீழ போறதுதான். விதிப்படி சரி." பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஆனா ஒண்ணு பால்வண்ணம். சார் வண்டியில ஏறிட்டார்னா முகாம் முடிஞ்சிட்டு. அப்ப நகல் பாதியில நின்னா நின்னதுதான். அதுக்கு மேல ஒரு எழுத்து போனாலும் அது கிளையிலேருந்து தலைமைக்குப் போனதாயிரும். நான் விட மாட்டேன்."

"சரிங்க மேடம்" என்றார் பால்வண்ணநாதன்.

முகாம் நாளில் இயக்குநரின் வாகனம் காலையிலேயே வந்து சேர்ந்தது. தென்காசியில் செருகி மறுபடி மாட்டப்பட்டிருந்தது. மாலை, மரியாதை, படம் எடுத்தல் முடிந்து, நல்ல நேரம் பிறந்ததும் இயக்குநர் ஒரு பொத்தானைத் தொட்டார். எழுவது மங்கலமானது என்பதால் இம்முறை அவர் பின்வாங்கவில்லை. திரையில் ஒரு நீலக்கோடு தோன்றி, எறும்பு ஊர்வது போல வலப்புறமாக நகரத் தொடங்கிற்று.

"எவ்வளவு நேரமாவும்?"

"மத்தியானம் ஆயிரும் ஐயா."

"அப்ப நான் எண்ணெ தேச்சுக் குளிச்சுட்டு வாரேன். பன்னெண்டு மணிக்கு நமக்குத் தென்காசியில பாராட்டு விழா இருக்கு. மீள்வு நாயகர்னு பட்டம் குடுக்காங்களாம்."

மீள்வு முடியுமுன்னரே பாராட்டு விழாவுக்கு நேரம் குறித்திருந்ததை யாரும் சுட்டிக்காட்டவில்லை.

எண்ணெய் தேய்க்கும் சொரிமுத்து வரவழைக்கப்பட்டார். இயக்குநர் துண்டு ஒன்றை உடுத்திக்கொண்டு விடுதி வாசல் பலகையில் நீட்டிப் படுத்தார். சட்ட நோக்கில் சொல்வதானால், மலையடிவார ஆவணக் காப்பு வாரியத்தின் தலைமை அலுவலகம் அப்போது குப்புறப் படுத்திருந்தது. சொரிமுத்து அதன் முதுகில் ஓங்கி ஓங்கித் தட்டினார்.

உள்ளே அம்மையார் திரைக்கு முன் நாற்காலி போட்டுக்கொண்டார். கோடு பாதியைத் தாண்டவில்லை. பால்வண்ணநாதன் வாசலுக்கும் திரைக்கும் நடந்துகொண்டிருந்தார். கோடு நகரும் வேகமும், எண்ணெய் தேயும் வேகமும் ஒன்றாக இல்லை. எண்ணெய் முந்தியது. கால் விரல்களுக்கு வந்துவிட்ட சொரிமுத்துவை அவர் மெல்லத் தனியே அழைத்தார்.

"அண்ணாச்சி, ஐயாவ இன்னுங் கொஞ்ச நேரம் எந்திரிக்க விடாதீரும்."

"எதுவரைக்கும்?"

"ஒரு பொம்பளப்புள்ள நல்லபடியா வந்து சேருத வரைக்கும்."

சொரிமுத்து கையைத் துடைத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். "பிரசவமா?"

"அப்படித்தான் வச்சுக்கிடுமே."

"மொதல்லயே சொல்லப்படாதா? நாலு புள்ள பெத்தவன்வே நானு." சொரிமுத்து திரும்பிப் போய் இயக்குநரின் தலையில் இன்னும் ஒரு கிண்ணம் எண்ணெயைக் கவிழ்த்தார். "ஐயா ஒடம்புல சூடு ஒட்டிக் கெடக்கு. இன்னொரு சுத்துப் போட்டாத்தான் எறங்கும்."

"தலைமைப் பொறுப்புன்னா சூடு இருக்கத்தான் செய்யும்" என்று இயக்குநர் பலகையில் முகம் அழுந்தக் கூறினார்.

இரண்டாம் சுற்றும் முடிந்தது. இயக்குநர் எழுந்து, இன்னொரு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அருவிக்குப் புறப்படவும், அந்தப் பக்கமிருந்து போலீசாரின் விசில் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது. மலைமேல் பெய்த மழையில் தண்ணீர் செம்மண் நிறத்தில் இறங்கியிருந்தது. குளிக்கத் தடை. நனைந்தவர்களும் நனையாதவர்களும் கூட்டமாகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

"தடையா? எனக்குமா?" என்றார் இயக்குநர்.

"வெள்ளத்துக்கு யாருன்னு தெரியாதுல்லா ஐயா" என்றார் சொரிமுத்து.

"அப்ப கொழாயில குளிச்சுட்டுக் கெளம்புதேன். விழாவுக்கு நேரமாச்சு."

"தப்பா நெனைக்காதீங்க. இது மூலிகை எண்ணெ. கொழாத் தண்ணிய ஊத்துனா உள்ள எறங்குன சூடு மண்டைக்கு ஏறிரும். போன வருசம் ஒரு பெரிய ஆபீசர் நாஞ் சொல்லக் கேக்காம ஊத்திட்டுப் போனாரு. இன்னைக்கு வரைக்கும் எதக் கேட்டாலும் 'ஆவன செய்யப்படும்'னு மட்டுந்தான் சொல்லுதாராம்."

இயக்குநர் அந்த அதிகாரி யாராக இருக்கும் என்று சிந்தித்தார். பலர் நினைவுக்கு வந்தார்கள் போலும். குழாயடி யோசனையைக் கைவிட்டார். ஆனால் பட்டத்தைக் கைவிட அவருக்கு மனமில்லை.

"எண்ணெயோடயே போறேன். சால்வை போத்துனா யாருக்குத் தெரியப்போவுது? டிரைவர், வண்டிய எடு."

பால்வண்ணநாதன் உள்ளே ஓடினார். கோடு ஓரத்தை நெருங்கியிருந்தது. பதிவுகள் ஊர் வரிசைப்படி நகலாகிக்கொண்டிருந்தன. கடையநல்லூர் இன்னும் வரவில்லை. லோகநாயகி அம்மையார் நிறுத்தும் பொத்தானின்மேல் விரலை வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியே வாகனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரிடம் கெஞ்சலாம் என்றுதான் பால்வண்ணநாதன் வந்தார். கெஞ்சினால் அந்த விரல் இன்னும் உறுதிப்படும் என்பது பழக்கத்தால் தெரிந்தது. தன் வாழ்நாளில் முதல்முறையாக அவர் வேறொருவர் மொழியில் பேசினார்.

"மேடம், ஐயா எண்ணெயோட வண்டியில ஏறுதாவ. சீட்டுத் துணி போன மாசந்தான் மாத்துனது. கறை பட்டா வாரியச் சொத்துச் சேதமால்லா ஆயிரும்?"

அம்மையாரின் விரல் உயர்ந்தது. "டிரைவர்ட்ட விளக்கம் வாங்கியாச்சா?"

"இல்ல மேடம்."

"அது இல்லாம எப்படி ஏறலாம்?"

அவர் வேகமாக வெளியே போனார். வாகனக் கதவருகே, எண்ணெய் சொட்ட ஒரு காலை உள்ளே வைத்த இயக்குநரும், ஒரு வெள்ளைத் தாளை நீட்டிய அம்மையாரும், இன்னும் நிகழாத கறைக்குத் தான் ஏன் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கேட்ட ஓட்டுநரும் சாரலில் நின்று விவாதித்தார்கள். ஓட்டுநர் எழுத மறுத்தார். இயக்குநர் காலை எடுக்க மறுத்தார். ஒரு கால் உள்ளே இருந்தால் முகாம் முடிந்ததா இல்லையா என்ற நுட்பமான கேள்வி அப்போது எழுந்தது. இரண்டு காலும் உள்ளே போனால்தான் முடியும் என்று அம்மையார் தீர்ப்பளித்தார்.

உள்ளே பால்வண்ணநாதன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இசக்கிச்செல்வி அவர் பின்னால் நின்று, கையிலிருந்த துண்டை முறுக்கிக்கொண்டிருந்தார். சாம்பவர்வடகரை போயிற்று. அச்சன்புதூர் போயிற்று. கடையநல்லூர் வந்தது, நின்றது, நகர்ந்தது.

"புள்ள வந்துட்டா அண்ணாச்சி?"

"வந்துட்டா தாயி" என்றார். கோடு கடைசி ஓரத்தைத் தொட்டு அணைந்தது. வெளியே இயக்குநரின் இரண்டாவது கால் அப்போதுதான் உள்ளே சென்றது. அவருக்குக் கீழே விடுதித் துண்டுகள் நான்கு விரிக்கப்பட்டிருந்தன.

பாராட்டு விழாவில் இயக்குநர் பேசிய பேச்சு சிறப்பாக அமைந்ததாகச் சொன்னார்கள். "விழுந்தபோது நான் கலங்கவில்லை. எழுந்தபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு எளிமையான தலைமை" என்று அவர் சொன்னபோது அரங்கம் எழுந்து நின்றதாம். எண்ணெய் மினுமினுப்பை முகப்பொலிவு என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் மறுநாள் காலை அவர் முகம் வாடியிருந்தது. நாளேட்டில் வந்த படத்தில், விடுதி வாசலில், துண்டுடன் இருந்தார். சிறப்பு விருந்தினர் எவரும் படத்தில் இல்லை. இது ஒரு மீள்வே ஆகாது என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

"மேடம், திரும்ப நடத்துவோம். தென்காசியிலேயே. பெரிய ஆளாக் கூப்பிட்டு, முறையா. விழுறதுக்கு முந்தி எடுத்து வச்ச பழைய பிரதி இருக்கும்லா? அத முதல்ல ஏத்தி, ஒண்ணுமே நடக்காத மாதிரி ஆக்கிருங்க. அப்புறம் முதல்லேருந்து விழுவோம்."

"திங்கக்கெழம ராகு காலம் தோதா இருக்கு சார்" என்றார் அம்மையார்.

பால்வண்ணநாதன் கதவோரத்து நாற்காலியிலிருந்து எழுந்தார். தேநீர் எல்லாருக்கும் போயிற்றா என்று பார்க்கவில்லை. நேராகத் தன் பிரிவுக்கு வந்து, கணினியைத் திறந்து, கடையநல்லூர்ப் பதிவை எடுத்துப் படி அச்சிட்டார். முத்திரையை ஊதி, அழுத்தமாக வைத்தார். ஜாஹிரா பீவிக்கு அவரே தொலைபேசியில் பேசி, உடனே வரும்படி சொன்னார்.

வெயில் ஏறுவதற்குள் தாயும் மகளும் வந்துவிட்டார்கள். ஜாஹிரா பீவி தாளை இரு கையாலும் வாங்கி, படிக்காமல் மகளிடம் காட்டினார். அஃப்ஷான் வரிவரியாக விரல் வைத்துப் போய், ஓரிடத்தில் நிறுத்தி எழுத்துக் கூட்டினாள். "பெண்" என்றாள். பிறகு உம்மாவைப் பார்த்துத் தலையாட்டினாள்.

"இனி இது மாறாதுல்லா அண்ணாச்சி?"

உள்ளே, கூட்ட அறையில், பந்தல்காரரிடம் யாரோ பேசிக்கொண்டிருப்பது கேட்டது. உண்மையைச் சொல்லும் அதிகாரம் பால்வண்ணநாதனுக்கு வழங்கப்பட்டிருக்கவில்லை. பொய் சொல்வதற்கும் அவர் அனுமதி பெற்றிருக்கவில்லை.

"திருநெல்வேலி பஸ் கெளம்பப் போவுது. இன்னைக்கே போய்ப் பாஸ்போர்ட் ஆபீசுல குடுத்துருங்கம்மா."

"நாளைக்கு எங்க மச்சான் வாராவ. அவுகளோட போலாம்னு..."

"இன்னைக்கே."

ஜாஹிரா பீவி ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தார். இந்த அலுவலகத்துக்குப் பலமுறை வந்துபோனவர் அவர். தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்து, "ஏட்டி, வா வா, ஓடு" என்று மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.

பால்வண்ணநாதன் ஜன்னலருகே சென்று நின்றார். இருவரும் சாலையைக் கடந்தார்கள். புறப்பட்டுவிட்ட பேருந்தை யாரோ தட்டி நிறுத்தினார்கள். பச்சை நாடா கட்டிய சடைகள் இரண்டும் உள்ளே ஏறி மறைந்தன. பேருந்து திருநெல்வேலிப் பாதையில் திரும்பும் வரை பார்த்திருந்துவிட்டு, இடத்துக்கு வந்து, அச்சுப்பொறியில் ஒரு கட்டுத் தாளை வைத்தார். குழு ஏற்றுக்கொண்டவர்கள் இன்னும் நிறையப் பேர் இருந்தார்கள். தொலைபேசியை எடுத்து, அடுத்தவரின் எண்ணை அழுத்தினார்.